ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர்

சென்ற ஆண்டு எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நடுவராக வரும்படி என்னை அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'பழைய பழனி ரயில் பாதை' என்ற தலைப்பில் ஒரு மாதிரி வைத்திருந்தாள். தெர்மோகோல் மலை, அதன்மேல் கோயில், அடிவாரத்தில் பச்சைப் புல்தூள், நடுவே வட்டமாக ஒரு தண்டவாளம், அதில் பேட்டரியால் ஓடும் ரயில். கூட்டம் அதைச் சுற்றியே நின்றது. ரயிலும் தண்டவாளமும் கடையில் வாங்கியவை.

வந்தவர்களில் அவளுடைய தாத்தாவும் இருந்தார். திண்டுக்கல்–பழனிப் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறிது நேரம் அந்த ரயிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது நம்ம வண்டி இல்லையே" என்றார். ஏன் என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. "என்னமோ சார், நிக்கிற தோரணையே வேற" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்களே, முப்பது ஆண்டுகள் ஒரு பாதையில் நடந்த மனிதருக்கு ஒரு பொம்மையைப் பார்த்தவுடன் 'இது இல்லை' என்று தெரிந்துவிடுகிறது. நமக்கு ஏன் தெரியவில்லை? அந்தத் 'தோரணை' என்பது என்ன? அதை அளந்து சொல்ல முடியுமா? முடியும். அதைத் தேடிப் போனதில்தான், ஒரு மாதிரியின் உறுப்புகளைக் கடையில் வாங்காமல் நாமே அடியிலிருந்து செய்வதில் எவ்வளவு இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்று எனக்கே விளங்கியது.

தோரணைக்கு ஒரு எண்

எங்கள் கீரனூருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பழனிக்குத்தான் போக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்லும் பாதை 1928ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது மீட்டர் பாதை. அதாவது இரு தண்டவாளங்களின் உட்புற முகங்களுக்கு இடையே சரியாக 1,000 மி.மீ. இடைவெளி. பின்னர் அது அகலப்பாதையாக மாற்றப்பட்டது. பழனியிலிருந்து பொள்ளாச்சி வரையிலான பகுதியில் 2015ஆம் ஆண்டு அகலப்பாதை வண்டிகள் ஓடத் தொடங்கின. அகலப்பாதையின் இடைவெளி 1,676 மி.மீ. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதையில் ரயில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலுக்குத்தான் செல்ல வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மீட்டர் பாதையில் ஓடிய பயணிகள் பெட்டியின் அகலம் சுமார் 2.74 மீட்டர். பாதையின் அகலமோ ஒரு மீட்டர். ஆகவே பெட்டி, தான் நிற்கும் பாதையைப்போல ஏறத்தாழ 2.7 மடங்கு அகலமானது. அகலப்பாதையில் ஓடும் பெரம்பூர்ப் பெட்டியின் அகலம் 3.245 மீட்டர், பாதையைப்போல 1.9 மடங்குதான். ஐரோப்பாவின் பொதுப்பாதை 1,435 மி.மீ. அங்கும் இந்த விகிதம் இரண்டை ஒட்டியே வரும்.

கடையில் விற்கும் ரயில் பொம்மைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களைப் பார்த்துச் செய்தவை. அவை தம் பாதைமீது இரண்டு மடங்கு அகலத்தில் நிற்கின்றன. நம் பழைய வண்டியோ ஒல்லியான கால்களில் பருத்த உடலைத் தாங்கி நிற்பதுபோல நிற்கும். தாத்தாவின் கண் பிடித்த தோரணை இதுதான். அவருக்கு அது 2.74 என்று தெரியாது. ஆனால் 2 இல்லை என்று தெரிந்துவிட்டது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் பரவலாக விற்கும் மாதிரி ரயில்களில் ஒரு வகை 87இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகிறது. ஐரோப்பியப் பாதையான 1,435 மி.மீட்டரை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வருகிறது, அதுவே அதன் தண்டவாள இடைவெளி. ஆங்கிலேயரின் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அக்காலத்து மோட்டார் அவற்றின் மாதிரிக்குள் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினை மட்டும் 76இல் ஒரு பங்காகச் சற்றுப் பெரிதாக்கி, அதே 16.5 மி.மீ. பாதையில் ஓடவிட்டார்கள். பாதை உண்மையில் 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும். பின்னாளில் இந்தப் பொய்யைப் பொறுக்காத சிலர் 18.83 மி.மீட்டரில் தாங்களே தண்டவாளம் இழைத்தார்கள், சக்கரம் கடைந்தார்கள். நம் அகலப்பாதையை 87இல் ஒரு பங்காக்கினால் 19 மி.மீட்டருக்கு மேல் வரும். அதைக் கடையின் 16.5 மி.மீ. பாதையில் வைத்தால், நிஜத்தில் 24 செ.மீ. குறுகிய பாதைக்குச் சமம். ஒரு முழத்தில் பாதிக்கு மேல் குறைந்துபோன ரயில்!

கண்காட்சி முடிந்த மறு வாரம் அந்த மாணவி என் வீட்டுக்கு வந்தாள். "சார், தாத்தா வண்டியைச் செய்ய முடியுமா?" என்று கேட்டாள். செய்து பார்ப்போம் என்றேன்.

நாற்பதில் ஒன்று

முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு விகிதம். நாங்கள் 40இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். இதற்கு ஒரு வசதி உண்டு. ஒரு மீட்டர் 25 மி.மீ. ஆகிவிடும். உங்கள் சட்டைப் பையில் 2011ஆம் ஆண்டு வெளிவந்த வடிவிலான இரண்டு ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். அதன் விட்டம் 25 மி.மீ. இரு தண்டவாளங்களுக்கும் இடையே அந்த நாணயத்தைப் படுக்க வைத்து உருட்டாமல் நகர்த்திக்கொண்டே போனால் போதும். எங்கு இறுகுகிறதோ அங்கே பாதை குறுகியிருக்கிறது, எங்கு ஆடுகிறதோ அங்கே அகன்றிருக்கிறது. ரயில்வேயில் இதே வேலைக்குக் 'கேஜ்' என்ற கம்பி வைத்திருப்பார்கள்.

இன்னொரு வசதியும் கிடைத்தது. ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் 12 மீட்டர். நாற்பதால் வகுத்தால் 30 செ.மீ. பள்ளிக்கூட அளவுகோலின் நீளம்! இப்படிப்பட்ட பொருத்தங்களைத் தேடி விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்று வேலையல்ல. அளப்பது எளிதானால் பிழை குறையும்.

அடியில் போடும் மரக்கட்டைகள் 1,800 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 115 மி.மீ. கனம் கொண்டவை. நாற்பதால் வகுத்தால் 45, 5, 2.9 மி.மீ. ஐஸ் குச்சியின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து 45 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் கட்டை தயார். கனம் சற்றுக் குறையும். ஜல்லிக்குள் புதைவதால் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்துக்கு மூங்கிலைச் சீவி 3 மி.மீ. உயரமுள்ள பட்டைகள் எடுத்தோம்.

ஜல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. நிஜ ஜல்லி 50 மி.மீ. அளவினது, மாதிரியில் ஒன்றேகால் மி.மீ. வர வேண்டும். சமையலறையில் தேடினால் ரவை கிட்டத்தட்டப் பொருந்தும் என்று நான்தான் யோசனை சொன்னேன். பசையில் ஒட்டி, சாம்பல் வண்ணம் பூசி, மிகவும் பெருமைப்பட்டோம். நான்காம் நாள் காலையில் பார்த்தால் பாதை நெடுக எறும்பு வரிசை. ஒரு முழ நீளத்துக்கு ஜல்லியே இல்லை! பிறகு ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து, மேலே தங்கியதை எடுத்துக்கொண்டோம். மைதா பசை காய்ச்சுவோர் அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். புத்தகம் கட்டுவோர் செய்வது. பூச்சி அரிக்காது. ஆனால் துத்தம் நஞ்சு. சிறுவர்கள் அதைத் தொட வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசையே போதும்.

அளவு எங்கிருந்து வரும்?

பெட்டியே இல்லாமல் போன பின் அதன் கதவு உயரத்தை எப்படி அறிவது? பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. பெட்டியை நேர் பக்கவாட்டில் காட்டும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் நமக்கு நிச்சயமாக அளவு தெரிந்த ஒரு பொருள் இருந்தால் போதும். மீட்டர் பாதைப் பெட்டியின் புதுச் சக்கரம் 725 மி.மீ. விட்டமுள்ளது. படத்தில் சக்கரம் 8 மி.மீட்டரும் கதவு 20 மி.மீட்டரும் இருந்தால், கதவின் உயரம் 725 × 20 ÷ 8, அதாவது சுமார் 1,810 மி.மீ. மாதிரியில் 45 மி.மீ.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. சக்கரம் ஓடி ஓடித் தேயும். படத்திலுள்ளது புதுச் சக்கரமா தேய்ந்ததா என்று தெரியாது. எனவே ஒரே பொருளை நம்பாமல் இரண்டு மூன்றை வைத்துக் கணக்கிட்டு, விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் முழு நீளம் சுமார் 19.5 மீட்டர் என்பது தெரியும். அது நல்ல சாட்சி. இரண்டாவது பொறி, தொலைவு. படம் பிடித்தவர் பெட்டிக்கு அருகில் நின்றிருந்தால், அவருக்குக் கிட்டத்திலுள்ள பகுதி பெரிதாகவும் தள்ளியுள்ள பகுதி சிறிதாகவும் விழும். நீங்களே செல்பேசியில் ஒரு கட்டடத்தைப் படமெடுத்து அளப்பதானால் இயன்ற அளவு தள்ளி நின்று எடுங்கள். பழைய நிலையக் கட்டடமானால் இன்னும் எளிது. சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணி, ஒரு வரிசையின் உயரத்தால் பெருக்க வேண்டியதுதான். தண்டவாளத்தின் மேல் இறங்கி அளக்க முயல வேண்டாம். நடைமேடையிலிருந்து பார்த்தே எல்லாவற்றையும் கணித்துவிடலாம்.

காகிதமே கனம்!

பெட்டியை அட்டையில் செய்யப்போகிறோம் என்றதும் மாணவி, "சார், நிஜப் பெட்டி இரும்புத் தகடு. காகிதம் ரொம்ப மெல்லிசு இல்லையா?" என்றாள். நியாயமான கேள்விதான். பெட்டியின் தகடு 2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதால் வகுத்தால் 0.05 மி.மீ. நீங்கள் எழுதும் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதாவது, சாதாரண எழுதுதாளே நம் பெட்டிக்கு இரண்டு மடங்கு கனம்! அட்டையில் செய்தால் அது கோட்டைச் சுவர்.

அப்படியானால் 0.05 மி.மீ. காகிதத்தில் செய்த பெட்டி நிற்குமா? நிற்கும், நிஜப் பெட்டியைவிட எளிதாக நிற்கும். காரணத்தை கலீலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒரு பொருளை எல்லாத் திசையிலும் 40 மடங்கு சிறிதாக்கினால் அதன் பரப்பு 40 × 40, அதாவது 1,600 மடங்கு குறையும். பருமனோ 40 × 40 × 40, அதாவது 64,000 மடங்கு குறையும். சுமை பருமனைப் பொறுத்தது. அதைத் தாங்கும் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. வலிமை 1,600 மடங்குதான் குறைந்தது, சுமையோ 64,000 மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே சிறிய பொருள் தன் எடைக்கு ஏற்ப 40 மடங்கு வலிமையாகிறது. எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசியைத் தூக்குவதும், யானை அதைப்போல் செய்ய முடியாததும் இதனால்தான். எங்கள் ரவையைத் தூக்கிச் சென்றதும் இந்த விதிதான்!

இதே கணக்கு வேறொரு வேலையையும் செய்தது. நிஜப் பெட்டி 30 டன் என்று கொண்டால், 64,000இல் ஒரு பங்கு 470 கிராம். எங்கள் அட்டைப் பெட்டியோ தராசில் 150 கிராம்கூட வரவில்லை. அதனால்தான் அது ஓடாமல் துள்ளியது. தரைத்தளத்துக்கு அடியில் இரும்பு நட்டுகளை வரிசையாக ஒட்டி 470 கிராமுக்குக் கொண்டுவந்தோம். எடையை இயன்ற அளவு கீழே வைப்பது முக்கியம். புவிஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் கவிழாது. கடையில் வாங்கும் பெட்டிக்கு யாரோ ஒருவர் இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுவிடுகிறார். அல்லது போடாமலே விட்டுவிடுகிறார்.

தறையாணித் தலைகளைச் சொல்ல மறந்துவிட்டேன். 20 மி.மீ. தலை மாதிரியில் அரை மி.மீ. மை தீர்ந்த அரை மி.மீ. ஜெல் பேனாவால் தாளின் பின்புறத்தில் அளவுகோலை ஒட்டி ஒவ்வொரு புள்ளியாக அழுத்தினால், முன்புறத்தில் வரிசையாகத் தலைகள் எழும்பும். கண்ணுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

சக்கரம் கேட்ட கேள்வி

இனிச் சொல்லப்போவதுதான் எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது.

725 மி.மீ. சக்கரம் மாதிரியில் 18 மி.மீ. சக்கரத்தின் உட்புற ஓரத்தில் ஒரு விளிம்பு இருக்கும்; தண்டவாளத்தை விட்டு விலகாமல் தடுப்பது. அதன் விட்டம் சற்றுப் பெரிது, சுமார் 19.5 மி.மீ. வன்பொருள் கடையில் 10 மி.மீ. போல்ட்டுக்கான வாஷர் கேளுங்கள். வெளிவிட்டம் 20 மி.மீ. விளிம்பு ஆயிற்று! வாஷரை வாங்கினால் அது 'வாங்கிய உறுப்பு' ஆகாதா என்று சிலர் கேட்கலாம். என் கணக்கில் ஆகாது. வாஷர் ரயிலுக்கென்று பிறந்ததன்று. அதை ரயில் சக்கரமாக்கியது நம் அளவுகோல். வாஷரோடு வட்ட அட்டைகளை 3 மி.மீ. கனத்துக்கு ஒட்டி, சைக்கிள் கம்பியை அச்சாகச் செருகினோம். சைக்கிள் கம்பியின் கனம் 2 மி.மீ.

வண்டி ஓடியது. ஆனால் ஓடத் தொடங்கியதும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பு தண்டவாளத்தை உரசிக்கொண்டே போனது. கறகறவென்று சத்தம். விரலால் நடுவில் தள்ளிவிட்டாலும் மறுபடி ஓரத்துக்கே போகும். அச்சு கோணலா என்று பார்த்தோம், இல்லை. பாதை சமமட்டமா என்று பார்த்தோம்; சமம்தான். அப்போதுதான் நான் வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியும் கையால் உணராத ஒன்று நினைவுக்கு வந்தது. ரயில் சக்கரம் உருளை வடிவமன்று. அது கூம்பின் ஒரு துண்டு. விளிம்புப் பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் சரிந்திருக்கும். நம் நாட்டு ரயில் சக்கரங்களில் இந்தச் சரிவு இருபதுக்கு ஒன்று.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. டீக்கடைக் காகிதக் கோப்பைகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை வாயோடு வாய் ஒட்டுங்கள். நடுவில் பருத்து இருபுறமும் சிறுக்கும். மற்ற இரண்டை அடியோடு அடி ஒட்டுங்கள். நடுவில் சிறுத்து இருபுறமும் பருக்கும். இரண்டு நீண்ட அளவுகோல்களைச் சற்றுச் சரிவாக, இணையாக வைத்து, அவற்றின்மேல் ஒவ்வொன்றாக உருட்டிவிடுங்கள். முதலாவது கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைந்தாலும் பாதையை விடாமல் கீழே வந்து சேரும். இரண்டாவது ஒரு சாண் போவதற்குள் விழுந்துவிடும்.

காரணம் எளியது. அச்சு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று கொள்வோம். இப்போது வலச் சக்கரம் தன் பருத்த பகுதியில் உருள்கிறது. இடச் சக்கரம் சிறுத்த பகுதியில் உருள்கிறது. இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை, ஆகவே ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். ஒரு சுற்றுக்கு வலச் சக்கரம் அதிகத் தூரம் போகிறது. எனவே அச்சு இடப்பக்கம் திரும்பி நடுவுக்கு வருகிறது. இடப்பக்கம் போனால் இதற்கு நேர்மாறு. ரயிலைப் பாதையில் நிறுத்துவது விளிம்புதான் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். விளிம்பு கடைசிக் காவலன். அன்றாட வேலையைச் செய்வது இந்தச் சரிவு.

அட்டைச் சக்கரத்தில் இருபதுக்கு ஒன்று என்ற சரிவை எப்படிக் கொண்டுவருவது? சக்கரத்தின் அகலம் 3 மி.மீ. என்பதால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் ஆரத்தில் 0.15 மி.மீ. வேறுபாடு வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தோம், அளவு நிற்கவில்லை. மாணவிதான் வழி கண்டாள். 0.1 மி.மீ. தாளை ஒன்றரைச் சுற்று சுற்றினால் 0.15 மி.மீ. வருமல்லவா? சக்கரத்தின் சுற்றளவு 57 மி.மீ.; ஒன்றரைச் சுற்றுக்கு 85 மி.மீ. ஆகவே 85 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அடியும் கொண்ட ஒரு செங்கோண முக்கோணத்தைத் தாளில் வெட்டி, நேரான நீள ஓரத்தை விளிம்போடு ஒட்டி வைத்து, அகன்ற முனையிலிருந்து சுற்ற வேண்டும். விளிம்பருகே ஒன்றரைப் படலம், வெளி ஓரத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கூம்பு கிடைத்துவிட்டது! காகித மணி கோக்கும் பெண்கள் செய்யும் அதே வித்தை.

முதல் அச்சில் அவள் முக்கோணத்தைத் திருப்பி ஒட்டிவிட்டாள். வண்டி ஒரு சாண் போவதற்குள் கவிழ்ந்தது, இரண்டாவது கோப்பையைப்போலவே. அதைப் பிரித்துச் சரியாக ஒட்டியபின், கறகற சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தைக் கேட்க நாங்கள் இருவரும் வண்டியைப் பத்துப் பதினைந்து முறை உருட்டியிருப்போம்.

வளைவுக்குப் போனதும் சத்தம் திரும்பி வந்தது. ஒரு மீட்டர் ஆரத்தில் வளைவு போட்டிருந்தோம். வளைவில் வெளித் தண்டவாளம் நீளமானது. ஆகவே வெளிச் சக்கரம் பெரிய ஆரத்தில் உருள வேண்டும். எவ்வளவு? சக்கர ஆரம் 9 மி.மீ., பாதை 25 மி.மீ., வளைவு 1,000 மி.மீ. ஆரங்களின் வேறுபாடு 9 × 25 ÷ 1,000, அதாவது 0.225 மி.மீ. இருபதுக்கு ஒன்று சரிவில் இதைப் பெற, அச்சு இரண்டேகால் மி.மீ. வெளிப்பக்கம் நகர வேண்டும். விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நாங்கள் விட்டிருந்த இடைவெளி அரை மி.மீ.தான். பிறகு உரசாமல் என்ன செய்யும்? நிஜத்தில் 500 மீட்டர் ஆர வளைவில் இதே கணக்கைப் போட்டால் 7 மி.மீ. நகர்ந்தாலே போதும் என்று வருகிறது. மாதிரியில் அந்த வளைவு பன்னிரண்டரை மீட்டர் ஆரம். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை! மீட்டர் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவு 109 மீட்டர் ஆரமுடையது. அதுவே மாதிரியில் இரண்டே முக்கால் மீட்டர். கடையில் வட்டமாக ஓடும் பொம்மை ரயில் எவ்வளவு அநியாயமான வளைவில் ஓடுகிறது என்று பாருங்கள். வளைவை எடுத்துவிட்டு நேர்ப்பாதையாகவே வைத்தோம்.

காலம் மட்டும் சிறுக்காது

நிஜ ரயில் மணிக்கு 60 கி.மீ. ஓடினால், மாதிரி அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது வினாடிக்கு 42 செ.மீ. போக வேண்டும். கண்ணுக்கு அது சரியாக இருக்கும். ஆனால் பெட்டியின் ஆட்டம் மட்டும் பொம்மைத்தனமாகவே தெரியும். நாம் எல்லாவற்றையும் நாற்பதால் வகுத்தோம்; புவிஈர்ப்பை வகுக்க முடியவில்லை. 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளுக்கு 0.9 வினாடி ஆகும். மாதிரியில் அது 10 செ.மீ.; 0.14 வினாடியில் விழுந்துவிடும். நாற்பது மடங்கு குறையவில்லை, நாற்பதின் வர்க்கமூலமான 6.3 மடங்குதான் குறைந்தது. ஈர்ப்பு ஆளும் இயக்கங்கள் எல்லாம் இப்படித்தான்.

வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870களில் சிறு கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து இதை ஆராய்ந்தார். நம் மாநிலத்தின் பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்தில் அணைகளின் மாதிரிகளைக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கை நம்பித்தான். மதகின் வடிவத்தையும் ஆற்றின் மேடுபள்ளங்களையும் அங்கே ஒவ்வொன்றாகக் கையால்தான் உருவாக்க வேண்டும். எந்தக் கடையிலும் ஆறு விற்பதில்லை.

இக்காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்துவிட்டதே, சக்கரத்தை அதில் அச்சிட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். தாராளமாக. ஆனால் சரிவு இருபதுக்கு ஒன்று என்று அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளி அரத்தால் நெம்புகோலை ராவும்போது பார்த்திருக்கிறீர்களா? 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டின் உள்ளுறுப்புகளைக் கையாலேயே இழைக்கிறார்கள். சாவி ஏன் திரும்பவில்லை என்று கேட்டால், எந்த உறுப்பில் எவ்வளவு ராவ வேண்டும் என்று அவர் உடனே சொல்வார்.

பெட்டி முடிந்தது. எஞ்சின் இன்னும் பாக்கி. தென்னக மீட்டர் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சினைச் செய்வதாகத் திட்டம். 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டப்பட்டன, பெரும்பாலானவை ஜாம்ஷெட்பூரில். அதன் இயக்கு சக்கரம் 1,372 மி.மீ.; மாதிரியில் 34.3 மி.மீ. அந்த அளவில் எந்த வாஷரும் அகப்படவில்லை. ஆரக்கால்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பொங்கல் விடுமுறையில் தாத்தாவை அழைத்து வந்து காட்டினாள். பெட்டியைப் பார்த்தார். உட்கார்ந்து, கண்ணைப் பாதையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். "இப்ப நம்ம வண்டி" என்றார். பிறகு விரலை வைத்து ஒரு தண்டவாள நீளத்துக்கு எத்தனை கட்டை என்று எண்ணினார். பதினாறு. பன்னிரண்டோடு நான்கு, கணக்குச் சரி. தண்டவாள நீளத்தை மீட்டரில் எடுத்து, பாதைக்கு ஏற்ப ஒரு எண்ணைக் கூட்டிக் கட்டை போடுவது ரயில்வே வழக்கம். நாங்கள் 30 செ.மீட்டரைப் பதினாறால் வகுத்து, எல்லாக் கட்டைகளையும் ஒரே இடைவெளியில் ஒட்டியிருந்தோம்.

"மூட்டுகிட்ட மட்டும் கட்டை நெருக்கமா இருக்கோணும் கண்ணு" என்றார். "சக்கரம் ஒவ்வொரு தடவையும் அங்கதான் இடிக்கும். இப்படி விட்டா மூட்டு தொங்கிப்போயிரும்."

அடுத்த வாரம் முழுவதும் கட்டைகளைப் பெயர்த்து மறுபடி ஒட்டினோம்.